அவர் ஓட்டினால் மட்டும் குலுங்கும் வேன்

எங்கள் வேன் நான் ஓட்டினால் ஒழுங்காக ஓடும். மெக்கானிக் ஓட்டினால் பூனை மாதிரி சத்தமில்லாமல் போகும். என் வீட்டுக்காரர் ஓட்டினால் மட்டும் குலுங்கும். கேட்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு ஐப்பசியில் ஆரம்பித்த கவலை பொங்கல் வரைக்கும் விடவில்லை. ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கியதில்லை.

வேன் என்றால் பெரிய வேன் இல்லை. முன் சீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின் இருக்குமே, அந்தச் சின்ன பெட்ரோல் வேன். நாங்கள் வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்த கிழட்டு வண்டி. கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் வீடு. காலையில் மேலே தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்தும், கீழே கேத்தியிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, எல்லநள்ளி ஏற்றம் ஏறி, மெயின் ரோட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். மூன்றரைக்கு மேல் திரும்பக் கொண்டுவந்து அவரவர் வாசலில் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த இரண்டு நடையால்தான். நான் தைக்கிற ஜாக்கெட்டுகளையும் யூனிபார்ம்களையும் நம்பினால் பாதி மாதம் பட்டினிதான்.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. வாலிபத்தில் கேரட் லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க ஆரம்பித்தவர். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வண்டியிலும் கீறல் விழாமல் ஓட்டியவர் என்று கேத்தியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவருக்கும் அதில் ஒரு கர்வம் உண்டு. அடுத்தவன் வளைவில் கியர் மாற்றத் தடுமாறினால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். அந்த மனுஷன் கையில்தான் வண்டி குலுங்கியது.

ஏற்றத்தில் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று எஞ்சின், சோறு புரையேறின ஆள் மாதிரி இரண்டு முறை இருமும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். பிள்ளைகள் முன் சீட்டில் போய் மூக்கை இடித்துக்கொள்வார்கள். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள். ஒரு நாள் வளைவிலேயே ஒரேயடியாக நின்றுவிட்டது. பின்னால் பஸ். பஸ்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் அடிக்க, பிள்ளைகளில் சின்னது இரண்டும் அழ ஆரம்பித்துவிட்டன. அன்று சாயங்காலம் எல்லா வீட்டிலும் அதே பேச்சு.

பள்ளத்தாக்கில் சத்தம் நன்றாகக் கேட்கும். லைன் வீடுகளுக்கு வேன் ஏறும் ரோடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. மூன்றரை மணி ஆனால் தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டுக் காதை அங்கே வைத்துக்கொள்வேன். கேரட் கழுவுகிற மெஷின் சத்தம், பிக்கப் வண்டிகள் சத்தம், இவற்றுக்கு நடுவில் எங்கள் வேனின் சத்தத்தை என்னால் தனியாகப் பிரித்துக் கேட்க முடியும். ஒழுங்காக ஏறும், ஏறும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன், அங்கே ஒரு இருமல் கேட்கும். அதற்கப்புறம் மெஷினில் உட்கார்ந்தால் ஒரு தையலும் நேராகப் போகாது, பிரித்துப் பிரித்துத் தைக்க வேண்டியதுதான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண் சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மகள் எங்கள் வேனில்தான் போகிறாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்த குடும்பம். நல்ல பெண். காபி கொடுத்தேன், குடிக்காமல் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. வண்டி குலுங்குதா, இல்ல அண்ணன் குலுக்குறாரான்னு மத்தவங்க கேக்குறாங்க. அண்ணனுக்கும் வயசாகுது. பொங்கல் லீவு முடிஞ்சதும் வேற வண்டி வச்சுக்கலாம்னு பேச்சு இருக்கு. நீங்க வேற யார் வாயிலயாவது கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிரலாம்னு வந்தேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்பது வருடம் ஓட்டின கையைப் பார்த்து, நேற்று இந்த மலைக்கு வந்தவர்கள் பேசுகிறார்கள் என்று தோன்றியது. வண்டியில் கோளாறு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து உங்கள் எல்லோர் முன்னாலும் காட்டாவிட்டால் நான் என் அப்பனுக்குப் பிறக்கவில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தொனியில்தான் ஏதோ சொன்னேன். என் வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த அம்மா போன பிறகு, வெந்நீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். மனம் நொந்துபோய்விட்டார் என்று நினைத்து எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது.

மறுநாளிலிருந்து நான் அந்த வண்டியின் பின்னால் பேய் பிடித்தவள் போல் அலைந்தேன். எல்லநள்ளியில் எங்களுக்கு வாடிக்கையான ஷெட். மெக்கானிக் கெட்டிக்காரன்தான், வாய் கொஞ்சம் நீளம். சீட்டைத் தூக்கிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். பிடுங்கினதும் எஞ்சின் சத்தம் இறங்கித் தொங்கினால் அந்த பிளக் வேலை செய்கிறது என்று அர்த்தம், சத்தம் மாறாவிட்டால் அங்கேதான் கோளாறு. எதைப் பிடுங்கினாலும் சத்தம் தொங்கியது. எல்லாமே வேலை செய்கிறது. ஸ்கேனரைச் சொருகினான், அதுவும் ஒன்றும் காட்டவில்லை. பேட்டரிக்கு மீட்டர் வைத்தான், நல்லபடி இருந்தது.

அவனுக்கு ஒரே பதில்தான் இருந்தது: பனிமூட்டம். இந்த மலையில் எதற்கும் மூட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். துணி காயவில்லையா, மூட்டம். முட்டி வலிக்கிறதா, மூட்டம். பஸ் வரவில்லையா, மூட்டம். வண்டி குலுங்கினதும் முக்கால்வாசி நாள் காலை மூட்டத்தில்தான் என்று நானே சொன்னேன். ஈரம் பிளக் வயரில் இறங்கி மின்சாரம் வழியிலேயே ஒழுகிப்போகிறது என்றான். ஷட்டரை இறக்கி ஷெட்டை இருட்டாக்கி, ஓடுகிற எஞ்சின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினான். வயர் எங்கேயாவது விரிசல் விட்டிருந்தால் நீலமாகப் பொறி தெரியும். நானும் அவனும் குனிந்து குனிந்து பார்த்தோம். ஒரு பொறியும் இல்லை. இருந்தாலும் எதற்கும் மாற்றிவிடுவோம் என்று வயரை மாற்றினான், பிளக்கை மாற்றினான், காயிலையும் மாற்றினான். நான் என் பங்குக்கு, சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாளை மூடி, அதற்கு மேல் பழைய கம்பளியைப் போர்த்துவேன். பெற்ற பிள்ளைக்குக்கூட நான் அப்படிப் போர்த்தியிருக்க மாட்டேன்.

அரைப் பரீட்சை லீவு வந்தது. வண்டி நின்றது, இருமலும் நின்றது. சரியாகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்தபோது மூட்டமெல்லாம் போய், விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி, மற்ற நேரமெல்லாம் கண் கூசுகிற வெயில் என்று ஆகிவிட்டது. திறந்த அன்றைக்கே மதியம், எதிர் ரோட்டில் அதே இருமல் கேட்டது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கையிலிருந்த கத்தரிக்கோலைச் சுவரில் எறிந்தேன்.

மெக்கானிக் அவனே வண்டியை எடுத்துக்கொண்டு லவ்டேல் வரைக்கும் போய்த் திரும்பினான். ஒரு குலுக்கல் இல்லை. நான் பகலில் நாலைந்து முறை எடுத்துக்கொண்டு தோட்டத்து ரோட்டில் ஏறி இறங்கினேன். எனக்கும் இல்லை. அவர் எடுத்தால் வந்துவிடும். கடைசியில் அவன் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வண்டியில ஒன்னுமில்லீங்கக்கா. அண்ணனுக்குக் கிளட்ச விடறதுல முன்ன மாதிரி பதனமில்ல போலருக்குதுங்க."

அவனை நான் பேசின பேச்சுக்கு அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவன் தகப்பனுக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே எங்கள் வீட்டுக்காரர்தான் என்பது வரைக்கும் இழுத்தேன். அது உண்மையா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தச் சொல் காதுக்குள் ஊர்ந்துகொண்டே இருந்தது. ஒருவேளை அப்படித்தானோ. கால் மரத்துப்போகிறதோ. சர்க்கரை இருக்குமோ.

அதனால் அடுத்த நாள் மதியம் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போய், திரும்பும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கடைக்குப் போகிற மாதிரி சாக்கு. அவருக்குத் தெரியாதா என்ன. என் காலுக்கா பரீட்சை வைக்கிறாய் என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். நான் கண்ணை எடுக்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கிளட்சை அவர் விடுகிற விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹார்ன் அடித்தார். எதிரே ஒரு பிக்கப் வந்தபோது, தாராளமாக இடம் இருந்தும், ஓரம் கட்டி நிறுத்தி அதைப் போகவிட்டுப் பிறகு எடுத்தார். வயதாக ஆகப் பொறுமையும் வருகிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. லைன் வீட்டு ஏற்றத்தில் வண்டி குலுங்கியது. அப்போது அவர் கால் கிளட்சிலேயே இல்லை. நான் என் கண்ணால் பார்த்தேன்.

இது போதும் எனக்கு. தப்பு வண்டியில்தான். ஆனால் பெண்டாட்டி கண்ணால் பார்த்ததை யார் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்?

பொங்கல் லீவும் வந்துவிட்டது. லீவு முடிவதற்குள் வழி பிறக்காவிட்டால் பிள்ளைகள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், வீட்டில் உட்கார முடியாமல், வண்டியைத் தள்ளி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கோடு சண்டை போடவே கிளம்பினேன். தள்ளி என்றால், நாங்கள் எப்போதும் எடுக்கிற விதம் அது. இந்த ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவோம். பிரேக்கை விட்டால் தானாக உருளும், இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். குளிரில் பேட்டரியைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று அப்படியே பழகிவிட்டது. சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்து எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எல்லநள்ளி ஏற்றத்தில் பாதி ஏறியிருப்பேன். உச்சி வெயில். எதிரே ஒரு டூரிஸ்ட் கார் இறங்கி வந்தது. மலையில் ஒரு முறை உண்டு: ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் அகலமான இடம் பார்த்து நின்றுகொள்ள வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது எத்தனை கஷ்டம் என்பது இங்கே சைக்கிள் ஓட்டுகிறவனுக்கும் தெரியும். அந்தக் கார்க்காரன் நேராக என் மூக்கு வரைக்கும் வந்து நிறுத்திவிட்டு, என்னைப் பின்னால் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். இரண்டு மாத ஆத்திரமும் அவன் தலையில் இறங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஹெட்லைட் லீவரைப் பிடித்து அவன் கண்ணில் பளிச்சென்று ஒன்று அடித்தேன்.

எஞ்சின் இருமியது.

கால் நழுவிவிட்டதோ என்று நினைத்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி இருமியது. லைட்டை நிறுத்தினேன், ஒழுங்காக ஓடியது. போட்டேன், தொங்கியது. அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தான். எனக்கு அவன் இருப்பதே மறந்துபோய்விட்டது. போட்டு, அணைத்து, போட்டு, அணைத்து, நான் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பான், காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டான். நான் லைட்டை முழுசாகப் போட்டு, கூடவே வைப்பரையும் போட்டேன். எஞ்சின் இரண்டு உதறு உதறி அடங்கிவிட்டது. சாவியைத் திருகினால் க்ர்க் என்று ஒரு முனகல், அவ்வளவுதான். பின்பக்கமாக உருளவிட்டு ரிவர்ஸ் கியரில் பிடிக்கவைத்து, லைட் பக்கமே கையைக் கொண்டுபோகாமல் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அத்தனை சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

நான் சொன்னதைக் கேட்டு மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு வண்டிக்கு அடியில் படுத்தான். எஞ்சினையும் வண்டி பாடியையும் சேர்க்கிற எர்த் வயர் ஒன்று உண்டு. பின்னல் பின்னலாகச் செம்புக் கம்பி. போல்ட் இருந்த இடத்தில் பச்சைப் பொடி பூத்து, நாலைந்து இழையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து போகிற மின்சாரம் திரும்பி வரவேண்டிய வழி அதுதான் என்று விளக்கினான். எஞ்சின் மட்டும் ஓடினால் அந்த நாலு இழை போதும். லைட்டையும் போட்டால் போதாது, எஞ்சினுக்குப் போகிற பங்கு குறைந்து அது தடுமாறும். சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்கிற பழக்கம் இருந்திருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கத் திணறும்போதே தெரிந்திருக்கும், மலைக்காரர்கள் நாம், இந்த ஷெட்டிலும்கூட, உருட்டி உருட்டியே அதை மறைத்துவிட்டோம் என்றான். காலையில் மூட்டத்தில் லைட் போடுவதால்தான் குலுங்கியிருக்கிறது, ஈரத்தால் இல்லை என்றும் சொன்னான். அண்ணனைச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டான். நான் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

புது வயர் போட்டு, போல்ட்டைச் சுரண்டி இறுக்கினான். லைட், வைப்பர், ஹார்ன், எல்லாவற்றையும் போட்டு ஏற்றத்தில் ஏறிப் பார்த்தோம். ஒரு குலுக்கல் இல்லை. சாவியைத் திருகினதும் பட்டென்று பிடித்தது. நான் ஷெட் வாசலில் நின்றபடியே, பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டேன். கோளாறு வண்டியில்தான் இருந்தது, எர்த் வயர் அறுந்திருந்தது, மெக்கானிக்கே வேண்டுமானாலும் வந்து சொல்வான், எங்கள் வீட்டுக்காரர் மேல் ஒரு தூசி தப்பு இல்லை, யார் யார் என்னென்ன பேசினீர்களோ அவரவர் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன் என்று நன்றாகவே பேசினேன். உடனே கட்டைவிரலும் கும்பிடு போட்ட கையுமாக வந்து குவிய ஆரம்பித்தன. வீடு போய்ச் சேரும் வரைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் வாசலில் உட்கார்ந்து பொங்கல் கரும்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கார்க்காரன், பளிச்சென்று அடித்த லைட், பச்சைப் பொடி, குரல் பதிவு. லைட் போட்டால்தான் குலுங்கும், போடாவிட்டால் குலுங்காது, அதுதான் எனக்கும் மெக்கானிக்குக்கும் தெரியவே இல்லை, நாங்கள் பகலில் லைட் போடாமலேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அன்னைக்கு நான் பக்கத்துல உக்காந்து வந்தேன்ல, நல்ல வெயிலுங்களே. அப்ப எதுக்குங்க லைட்டு?"

கரும்புத் துண்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். நானும் விடவில்லை, அவர் எதிரிலேயே நின்றேன்.

"நா பாக்கறதுக்கில்ல அம்மணி. எதுத்தாப்ல வர்றவன் என்னயப் பாக்கோணுமல்லொ. பாத்தான்னா ஒதுங்கிக்குவான்."

"உங்களுக்கு அவன் தெரியறதில்லீங்களா?"

"கிட்ட வந்தாத் தெரியுது."

பயம்தான் முதலில் வந்தது. கோபம்கூட அப்புறம்தான். அப்படியே கரும்புச் சக்கை மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த வேனில் ஏறுகிற பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. நர்ஸம்மாவின் மகள், சீட்டுக்குச் சண்டை போடுகிற அண்ணன் தம்பி, அழுத சின்னது இரண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் இவர். வளைவுக்கு வளைவு அடித்த ஹார்ன், ஓரம் கட்டிக் காத்திருந்த பொறுமை, எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேனே என்று என் மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

ஆடி மாதத்திலிருந்தே இப்படி என்றார். மூட்டத்தில் பரவாயில்லை, எல்லோருக்கும்தான் தெரியாது, எல்லோரும் மெதுவாகத்தான் வருவார்கள். வெயில் அடித்தால்தான் எதிரே வெள்ளையாகப் பூத்துவிடுகிறது என்றார். இப்போது புது வண்டிகளெல்லாம் பகலிலும் லைட் எரிந்துகொண்டுதானே வருகின்றன, நாம் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று போட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"வண்டி குலுங்குது, வண்டி குலுங்குதுன்னுதான பேசீட்டிருந்தாங்க. வண்டியால நின்னுச்சுன்னு போகட்டும்னு உட்டுட்டேன். கண்ணு தெரியாம நிறுத்தீட்டான்னு பேரு வரக்கூடாதுன்னு இருந்துச்சு."

நான் கோளாறைத் தேடி ஓடின ஒவ்வொரு நாளும் அது கிடைக்கக் கூடாது என்று இவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அப்போது போனில், அதே குரூப்பில், குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. நர்ஸம்மா. தெரியாமல் அழுத்திவிட்டேன், சத்தமாகவே பேசியது. எல்லோரும் கலந்து பேசிவிட்டார்களாம், திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகள் எல்லாம் நம் வண்டியிலேயே வருவார்களாம். அண்ணனைச் சந்தேகப்பட்டதற்கு எல்லோர் சார்பிலும் தான் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகச் சொல்லி முடித்தார்.

நான் வேகமாகக் கணக்குப் போட ஆரம்பித்தேன். திங்கட்கிழமை நானே ஓட்டிவிடலாம், லைசென்ஸ் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிவிடலாம். அதற்குள் கோயமுத்தூரில் கண் டாக்டரிடம் காட்டிவிடலாம். கண்ணில் சதை வளர்ந்திருக்கிறதோ என்னவோ, ஆபரேஷன் செய்து சரியாகிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமலேயே போய்விடும். இதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அதுல எப்புடிப் பேசறது? நீ அமுத்திப் புடி, நா சொல்றேன்."

வேண்டாங்க என்றேன். கையை நீட்டிக்கொண்டே இருந்தார். மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் வணக்கமுங்க என்று ஆரம்பித்தார். திங்கட்கிழமை வண்டி வரும், ஓட்டுவது என் வீட்டுக்காரி, நல்லபடி ஓட்டுவாள், பயப்பட வேண்டாம் என்றார். அங்கேயே முடித்திருக்கலாம்.

"நர்ஸம்மா மன்னிப்புக் கேக்க வேண்டாமுங்க. நீங்க சந்தேகப்பட்டது சரிதானுங்க. எனக்குக் கண்ணு தெரியலீங்க. தெரியாமத்தான் இத்தன நாளா உங்க புள்ளைங்கள ஏத்தீட்டுப் போனேன். வண்டிதான் நடுவுல பூந்து பழிய ஏத்துக்கிட்டு என்னயக் காப்பாத்தீட்டிருந்துச்சு."

சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டேதான் இருந்தது. எடுத்தால் அத்தனை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இடது பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், அவர் சொன்னது எல்லாம் அழிந்துவிடும், அது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. போனில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. விரல் வலித்தது. எடுத்துவிட்டேன்.